அப்பாவின் பாதி

ஊல்லா இடுக்கியை உப்புநீரில் இறக்கி, கருச்சிதைவில் வந்த திசுவைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். வெள்ளைப் பாசி போலக் கிளைத்து மிதப்பது குழந்தையின் பக்கம். மங்கிய சிவப்பாய் ஒட்டிக்கொண்டிருப்பது தாயின் பக்கம். பிரித்து முடிக்க இருபது நிமிடம். அதுவரை யாரும் பேசக் கூடாது. பேராசிரியர் பேசினால் ஊல்லா ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்.

ஓடென்சே நகர மருத்துவமனை ஆய்வகத்தில் இது அவருக்கு முப்பத்தொன்றாவது ஆண்டு. பதினொன்றரைக்குக் ரை தானிய ரொட்டி, ஈரல் விழுது. ஒவ்வொரு குடுவையிடமும், "வா, நீ என்ன சொல்றே, பாப்போம்" என்பார். பேராசிரியர் தோர்கிலிடம் அப்படிக் கேட்பதில்லை. அவர் எப்படியும் சொல்லிவிடுவார்.

தவறு செய்தவர் கேக் சுட்டு வரவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். தோர்கில் பதினோரு ஆண்டுகளில் ஒன்றும் சுட்டதில்லை. தவறுகளை அவர் கட்டுரைகளாக வெளியிட்டுவிடுவார்.

ரிக்கே என்ற பெண்ணுக்கு நான்கு கருக்கள் கலைந்திருந்தன. ஊல்லா விடுப்பில் இருந்த வாரம், கடைசிக் கருவின் திசுவை மற்றவர்கள் அவசரமாகப் பிரித்துச் சோதித்தார்கள்: குரோமோசோமில் குறையில்லை, பெண். தோர்கில் உடனே கடிதம் அனுப்பினார்: "குழந்தை நலமாகவே இருந்தது. உங்கள் நோய் எதிர்ப்பு மரபணுக்களே அதை நிராகரித்தன." மாநாட்டு உரையிலும் அது ஏறிவிட்டது.

திரும்பி வந்த ஊல்லா, அந்தத் திசுவின் மரபணுக்களைப் பெற்றோருடையவற்றோடு ஒப்பிட்டார். குழந்தையென்றால் பாதி அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

"தோர்கில், இங்க வா. இதுல அப்பன் எங்க?"

"அபூர்வமான கேஸ், ஊல்லா! உலகத்துலயே முதல்..."

"அபூர்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க சோதிச்சது அம்மாவோட சதைய. ரிக்கே பொண்ணுதான், குறையில்லாமத்தான் இருக்கா. அதைக் கண்டுபிடிச்சு அவளுக்கே கடுதாசி போட்டிருக்கே."

"வியாழக்கிழமை மாநாடு இருக்கே..."

"வெள்ளிக்கிழமை கேக். முட்டை நாலு போடு."

ரிக்கேயை வரச்சொன்னார்கள். சொல்லவேண்டிய தோர்கில் ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்ததால் ஊல்லாவே சொன்னார். ரிக்கே கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது.

"அப்ப என் உடம்பு அதைக் கொல்லலையா?"

"ஏன் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதும்மா. உன் உடம்பு கொன்னுதுன்னு சொல்ல எங்ககிட்ட எதுவுமே இல்ல. இருக்குன்னு எழுதினது எங்க தப்பு."

ரிக்கே உட்காரப்போனாள். நாற்காலி ஆடியது. ஊல்லா அவள் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, எட்டாக மடித்து, குனிந்து, நாற்காலியின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். பிறகு இருக்கையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.