மாரப்பன் நின்றுகொண்டு சாப்பிட்டது

காரமடைக்குக் கிழக்கே மாரப்பனுக்கு இரண்டு ஏக்கர் புகையிலை இருந்தது. கிணற்றில் பாதிதான் அவருக்குச் சொந்தம், மறுபாதி அண்ணன் காளிச்சாமிக்கு. ஒரு நாள் இவர் இறைத்தால் மறுநாள் அவர். இறைக்க வராதவனுடைய முறை போனது போனதுதான், ஊறிய தண்ணீர் அடுத்தவனுக்கு. ஒரு வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. காளிச்சாமியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த தண்ணீரை வேண்டாம் என்கிற ஆளும் அல்ல.

காளைகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைப்பது லேசான வேலை இல்லை. காளைகள் சரிவில் இறங்கும்போது, பின்னால் விறைத்து நிற்கும் வடக்கயிற்றின் மேல் ஆள் ஏறி உட்கார வேண்டும். அவன் பாரமும் சேர்ந்தால்தான் கயிற்றின் மறுமுனையில் தண்ணீர்ச் சால் நிறைந்து மேலே வரும். பிறகு இறங்கி, காளைகளைப் பின்னுக்கு நடத்தி, மறுபடி உட்கார வேண்டும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை இதுதான். அந்தக் கயிறு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் மாரப்பனுக்குப் புட்டத்தில் ஒரு கட்டியைக் கொடுத்தது.

நாவிதர் அப்புசாமி கத்தியைத் தீயில் காட்டி, நெல்மணி அளவுக்கு ஒரு வாய் திறந்து, பிதுக்கி, வேப்பெண்ணெய்த் திரி வைத்துக் கட்டினார். "நாளைக்கே வடத்துல உக்காரலாமுங்க" என்றார். மாரப்பனுக்கு வேண்டியதும் அதுதான். மறுநாளே உட்கார்ந்தார். வாய் சீக்கிரமே மூடியது, உள்ளே மறுபடி பழுத்தது. திரும்பக் கீறினார்கள், திரும்பப் பழுத்தது. கடைசியில் குளிர்காய்ச்சல் கண்டு, சோற்று வட்டிலைக் கையில் ஏந்தி, சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டே சாப்பிட்டார். ஊரார் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவராவது ஒரு நாள் வந்து இறைத்துக் கொடுத்தாரா என்றால் இல்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க மாமா. நம்ம மொறைய நான் பாத்துக்கறேனுங்க" என்றாள் அவர் மனைவி பூவாத்தாள்.

"பொம்பள வடத்துல உக்காந்தா ஊரு என்ன பேசும்?"

"பேசட்டுமுங்க. பொகையில காஞ்சா ஊரா வந்து தண்ணி உடும்?"

ரயிலில் பலகை காலியாக இருந்தும் மாரப்பன் கோயம்புத்தூர்வரை நின்றுகொண்டே போனார். டாக்டர் வரதராஜுலு பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். "உள்ளே ஆறதுக்குள்ள மேல் வாய் மூடிக்குது. ரெண்டு வழி இருக்கு. அகலமா வெட்டிப் பள்ளத்துல மருந்துத் துணியைத் திணிக்கலாம், தினமும் உருவி மாத்தணும். இல்லேன்னா ரெண்டு சின்னத் துளை போட்டு, ஒண்ணுல ரப்பர் நாடாவை விட்டு இன்னொண்ணுல எடுத்து முடிச்சுப் போடலாம். சீழ் தானா வடியும், வாய் மூடாது."

"எதுல சீக்கிரம் உக்காரலாமுங்க?"

"ரப்பர்ல சீக்கிரம் ஆறும். ஆனா வடத்துல சித்திரை வரைக்கும் உக்காரவே கூடாது. மீறினா மறுபடி வெட்டுத்தான்."

மாரப்பன் ரப்பர் நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் மில் தொழிலாளி ரசாக்குக்கு முதுகில் பெரிய கட்டி. அவருக்குத் துணி திணிப்புதான். காலையில் அதை உருவும்போது அவர் போடும் கூச்சலில் மாரப்பனுக்கும் வியர்த்துவிடும். இவருக்கு வலி அதிகமில்லை. ஆனால் குப்புறப் படுத்து, தரையையே பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நம் முறையா அண்ணன் முறையா என்று மனசுக்குள் கணக்குப் போடுவது இருக்கிறதே, அது ரசாக்கின் வலிக்குக் குறைந்ததல்ல. எழுந்து போனால் கட்டி வரும். படுத்திருந்து, அங்கே பூவாத்தாளால் முடியாமல் போனால் புகையிலை போகும்.

நாடாவை எடுத்த பிறகு ஊருக்கு வந்தார். புகையிலை பச்சைப்பசேல் என்று நின்றது. பூவாத்தாள் ஒரு முறையைக்கூட விடவில்லை. மாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு பலகையில் மெல்ல உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள்.

"நீயும் உக்காந்து சாப்புடு அம்மணி."

"நீங்க சாப்புடுங்க. நான் இப்படியே சாப்புட்டுக்கறேனுங்க."

வட்டிலைக் கையில் ஏந்தி, சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள். மாரப்பனுக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

"எப்ப இருந்து?"

"நாலஞ்சு நாளாச்சுங்க. சின்னதுதானுங்க."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரப்பரு வச்சா வலிக்காது."

"நாளைக்கு நம்ம மொறைங்க. நீங்க உக்காரக் கூடாது. நானும் வந்துட்டா ஆருங்க உக்காருவா?"

மாரப்பன் பலகையைக் காலால் தள்ளிவிட்டு, வட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளுக்கு எதிரே நின்றுகொண்டு சாப்பிட்டார்.