இரண்டு சங்கங்களும் ஒரு கட்டிலும்

கனி கைக்கு எட்டாமற்போகவே கோலொன்றை ஊன்றிக் குன்றின்மேல் தனித்து நின்ற பெருமானே, தனிமையின் எடை நீ அறிந்தது. இச்சிறு நினைவை எழுதப் புகும் என் விரல்களுக்கு நீயே துணையாய் நிற்பாயாக.

இன்று தைத் திங்கள், வளர்பிறை, கார்த்திகை நாள். நீராடி, நீறணிந்து, விளக்கேற்றிய பின் அமர்ந்திருக்கிறேன். நல்ல நாளில் நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதப்போவது என் பிழையொன்றை. நெடுநாள் சுமந்ததை இறக்கி வைப்பதும் நல்லதே என்று கொள்கிறேன்.

பழனியில் கோயிற்பணி செய்யும் குடும்பத்தில் பிறந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானலில், மார்புநோய்க்கான மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்தேன். நோயாளியின் சளியைத் தொட்ட கையால் சந்நிதிக்குப் பூத் தொடுக்கலாகாது என்று வீட்டார் என்னை ஒதுக்கியிருந்தனர். வானம் தெளிந்த காலைகளில் வில்பட்டிச் சாலை வளைவில் நின்றால், வெகு கீழே பழனிக் குன்று தெரியும். அங்கிருந்தே கைகூப்பிவிட்டு வேலைக்குத் திரும்புவேன்.

செவிலியர் விடுதியில் இருவருக்கு ஓர் அறை. என்னுடன் இருந்தவள் என்னினும் இரண்டு வயது இளையவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனும் வரிசை வீட்டில் பிறந்து, பெற்றோரை இழந்து, இக்கரைக்கு வந்து மிஷன் விடுதியில் வளர்ந்தவள். அவளுக்கென்று ஒரு வீடு எங்கும் இல்லை. நான் விடியலில் பதிகம் ஓதும்போது கம்பளிக்குள்ளிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். நான் நிறுத்தினால், “இன்னும் ஒண்ணு, அக்கா. வெளிய குளிருது,” என்பாள்.

ஒருநாள் அவளுடைய எக்ஸ்ரே படத்தில் நிழல் விழுந்திருந்தது. நோயாளிகளிடமிருந்தே தொற்றியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் விதி வேறாக இருந்தது. நோயுற்ற ஊழியர் முப்பது நாளுக்குள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். மருத்துவமனையிலோ படுக்கை கேட்டு வெளியூரார் வரிசையில் காத்திருந்தனர். ஊசியும் மாத்திரையும் ஓராண்டேனும் தவறாமல் செல்ல வேண்டியவள் எங்கே போவாள்?

அவ்வேளையில்தான் இரண்டு தொழிற்சங்கங்கள் எங்கள் மலைக்கு ஏறி வந்தன. ஒன்று மதுரையில் அலுவலகம் கொண்டது. சான்றிதழ் பெற்ற செவிலியர் மட்டும் சேரலாம். மற்றது எங்கள் சமையற்கட்டிலேயே கூடியது. சமையல்காரர், ஆயா, துப்புரவு செய்வோர், செவிலியர் எவரும் சேரலாம். முதலாவதைச் சீருடை நிறத்தால் வெள்ளைச் சங்கம் என்றும் இரண்டாவதைச் சமையற்கட்டுச் சங்கம் என்றும் நாங்கள் சொல்லிக்கொண்டோம். இரண்டும் தத்தம் விதிகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டிருந்தன. அவற்றை என் மடியில் வைத்தவள் என் அறைத்தோழி.

“நீங்கதான் பாட்டெல்லாம் பதம் பிரிச்சுப் பொருள் சொல்றீங்களே. இதையும் படிச்சுச் சொல்லுங்க அக்கா. எனக்காகப் பேச எது சரின்னு நீங்க சொல்றீங்களோ அதுல கையெழுத்துப் போட்டுடுறேன்.”

நான்கு நாள் படித்தேன். வெள்ளைச் சங்கத்தின் விதிகள் ஓடை நீர்போல் தெளிந்த தமிழில் இருந்தன. சேவையே நம் அறம்; எக்காரணம் கொண்டும் நோயாளியை விட்டு அகலோம்; குறைகளை உரிய வழியில், உரிய சொற்களில் விண்ணப்பிப்போம் என்றன. நோயுற்ற உயிருக்குச் செய்யும் பணி இறைவனுக்கே செய்யும் பணி என்று நம்பியிருந்த எனக்கு அவை என் நெஞ்சிலிருந்தே எழுதியவையாகத் தோன்றின. மற்றதோ மஞ்சள் காகிதத்தில், பேச்சுநடையில், பாதி மை பரவிக் கிடந்தது. அதன் முதல் வரி இது: “ஆஸ்பத்திரியில் சோலி பார்க்கிறவர் எல்லாரும் நம்ம ஆள்.” படித்துச் சிரித்தேன். கேட்டு அவளும் சிரித்தாள்.

ஆனாலும் நேரில் விசாரிக்காமல் முடிவு சொல்லலாகாது என்று சமையற்கட்டுக்குப் போனேன். அச்சங்கத்தின் செயலாளர் எங்கள் தலைமைச் சமையல்காரர், ராவுத்தர் வீட்டவர், அகன்ற மேனி, அதனினும் அகன்ற குரல்.

“வேலைநிறுத்தம் செய்வீர்களோ?” என்று கேட்டேன்.

“செய்ய வேண்டி வந்தா செய்வோம் நர்ஸம்மா.”

“நோயாளிகள் பட்டினி கிடப்பார்களே.”

“அவுகளுக்குக் கஞ்சி போகாம இருக்குமா? அடுப்பு என் கையிலதான கெடக்கு. உக்காருங்க, வெரசா ஒரு டீத்தண்ணி போட்டுத் தாரேன்.”

அவர் காட்டியது ஓர் உருளைக்கிழங்கு மூட்டை. பக்கத்து மூட்டையில் கழிவறை கழுவும் பெண்மணி அமர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலையிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு அப்போது வேலை ஏதும் இருக்கவில்லை.

வெள்ளைச் சங்கமே ஏற்றது என்று அவளிடம் சொன்னேன். மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டாள், நானும் இட்டேன். அவளுக்காக விண்ணப்பத்தை நானே எழுதினேன். கருணை, தகைமை, தாயுள்ளம் என்று ஆய்ந்தெடுத்த சொற்களால் கோத்தேன். செவிலியர் தலைவியான மேட்ரன் வழியாகத்தான் அது மதுரைக்குப் போக வேண்டும், போயிற்று. இருபத்தாறாம் நாள் மறுமொழி வந்தது. விண்ணப்பத்தின் நடையைப் பாராட்டியிருந்தார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் உரியவாறு பரிசீலிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

முப்பதாம் நாள் காலை, அவள் தன் தகரப் பெட்டியைப் பூட்டி, அதன்மேல் அமர்ந்திருந்தாள். வாசலில் மேட்ரன் நின்றார். அவர் கொடியவரல்லர், விதியை மீற அறியாதவர், அவ்வளவே. அறையைப் புகைபோட்டுச் சுத்தம் செய்யக் கட்டிலை வெளியேற்றச் சொன்னார். வந்த இரு ஆயாக்களும் கைகட்டி நின்றுவிட்டனர்.

“நாங்க தூக்க மாட்டோங்க,” என்றார் மூத்தவர்.

மேட்ரன் என்னை நோக்கித் திரும்பினார். “சிஸ்டர், நீங்கள் பிடியுங்கள்.”

பணியிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிவது எங்கள் சங்க விதிகளுள் ஒன்று. இரும்புக் கட்டிலின் ஒரு முனையை மேட்ரன் பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். என் தோழி என்னைப் பார்க்கவில்லை. சன்னல்வழி மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நடையில் கனத்த காலடி ஓசை கேட்டது. கையில் கரண்டியோடு வந்த சமையல்காரர் எவரையும் கேளாமல், நாங்கள் தூக்கிய கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார். கட்டில் தரையில் இறங்கிற்று.

“என்னையும் சேத்துத் தூக்குங்க நர்ஸம்மா. எறக்கத்துல அடுக்கம் ஊரு வரைக்கும் கொண்டுபோய் விட்டாப் போதும், அங்கிட்டு என் மச்சான் வீடு இருக்கு.”

ஆயாக்கள் சிரித்தனர். மேட்ரன் சிரிக்கவில்லை. “இந்தப் பெண் உங்கள் சங்கமே இல்லையே,” என்றார்.

சமையல்காரர் என்னையே பார்த்தார். “எங்க பொஸ்தகத்த நாலு நாளு படிச்சீகளாமே? மொத வரியில என்ன போட்டிருக்கு? சோலி பாக்குறவக எல்லாரும்னு போட்டிருக்கா, கையெழுத்துப் போட்டவக மட்டும்னு போட்டிருக்கா?”

நான் கட்டிலிலிருந்து கையை எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று வார்டுகளுக்குக் கஞ்சி வேளை தவறாமல் சென்றது. கட்டில்தான் எங்கும் செல்லவில்லை. எட்டுப் பேர் முறைவைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். நண்பகலில் தலைமை மருத்துவர் வந்து பார்த்தார். மாலைக்குள் பெண்கள் வார்டின் கடைசித் தாழ்வாரத்தில் தடுப்பொன்று கட்டி, அவளுக்குப் படுக்கை ஒதுக்கப்பட்டது. பதினான்கு மாதம் அங்கிருந்து அவள் தேறினாள். தேறிய பின் விடுதிக்குத் திரும்பவில்லை. மூத்த ஆயாவின் வரிசை வீட்டில் தங்கிக்கொண்டாள். “லயத்துல பொறந்தவளுக்கு இதுதான் சரியா இருக்கு அக்கா,” என்றாள். என்னை ஒருநாளும் கடிந்ததில்லை. ஆனால் அதற்குப் பின் எதையும் என்னிடம் தந்து படித்துச் சொல்லச் சொன்னதுமில்லை.

வெள்ளைச் சங்கத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டால் பாவம். பின்னாளில் செவிலியர்க்கு வார விடுப்பும் திருமணத்துக்குப் பின் பணியில் தொடரும் உரிமையும் கேட்டு வாதாடியது அதுவே. அதன் வழி நீண்டது. நீண்ட வழிக்கும் ஆள் வேண்டும். முப்பது நாளே உள்ளவளை அவ்வழியில் நிறுத்தியது நான்.

சில மாதம் கழித்துச் சமையற்கட்டுக்குப் போய், அதே கிழங்கு மூட்டையில் அமர்ந்து, அச்சங்கத்தில் கையெழுத்திட்டேன். செவிலியர் பலர் என்னோடு உணவருந்துவதை விட்டனர். சமையற்கட்டிலோ நான் நுழைந்ததும் பேச்சு மரியாதையாக நின்றுவிடும். டீ மட்டும் வரும். என் அறைக்கு வேறொருவர் வரவில்லை. எதிர்ச்சுவரோரம் அந்தக் கட்டில் விரிப்பின்றிக் கிடந்தது. விடியலில் பதிகம் ஓதி முடித்தபின் சற்றே காத்திருப்பேன். இன்னும் ஒன்று என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் இன்னும் ஒன்று ஓதிவிட்டே எழுவேன். இன்றளவும் அப்படித்தான்.

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும் நோயின்றி வாழ்க. நோய் வந்தாலும் மருந்து தவறாதிருக்க. உங்கள் கட்டிலை அகற்ற ஆள் வரும் நாளில், கேளாமலே வந்து அதன்மேல் அமர்பவர் உங்களுக்கு வாய்க்க. பிறர் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்க உங்கள் கை எழாதிருக்கக் குன்றின்மேல் நிற்பவன் காக்க.