பத்து விரலுக்குப் பத்து நிறம்

லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகள் சென்ற வருடம் ஒரு பெட்டி அனுப்பினாள். தங்கை இப்போது இல்லை. தாய்க்கு அனுப்ப நினைப்பதையும் சேர்த்து எனக்கே அனுப்பிவிடுகிறாள் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் பன்னிரண்டு நிறங்களில் ஐ ஷேடோ, காந்தத்தால் தானாக மூடிக்கொள்ளும் ஒரு லிப்ஸ்டிக், கட்டைவிரல் உயரத்தில் ஒரு கியூட்டெக்ஸ் நகப்பூச்சுப் போத்தல்.

"இதெல்லாம் நல்ல விலையான சாமான், பெரியம்மா. அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டாமப் போடுங்க" என்று தொலைபேசியில் சொன்னாள்.

போட்டு யாருக்குக் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் லண்டனுக்கு வந்துவிடச் சொல்வாள். நான் மாட்டேன் என்பேன். அந்தக் கோப்பு ஏழு வருடமாக முடிவின்றிக் கிடக்கிறது.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கலியாணம் முடிக்கவில்லை. கல்லடியில் வாவியைப் பார்த்தபடி ஒரு வீடு. அதில் நானும், பாவிக்காத மூன்று அறைகளும். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அதோடு வந்த தாளை முதலில் வாசிப்பேன். இந்தத் தாளில் ஒரு கண்ணைப் படமாகப் போட்டு, வெளிறிய நிறத்தை இமை முழுவதும் பூசவும், கரிய நிறத்தை மடிப்பில் பூசவும் என்று எழுதியிருந்தது. என் இமையில் மூன்று மடிப்பு இருக்கிறது. எது உரிய மடிப்பு என்று தாள் சொல்லவில்லை. மூன்றிலும் பூசினேன். கண்ணாடியில், இரண்டு கண்ணிலும் அடி வாங்கிய ஒரு நிருவாக உத்தியோகத்தர் தெரிந்தார்.

லிப்ஸ்டிக் பரவாயில்லை. அது பூசியிருந்த காலையில் மீன்காரர் படலையடியில் ஹோர்ன் அடித்தார். மறந்துபோய் அப்படியே வெளியே போய்விட்டேன்.

"என்னம்மா, வெத்தில போடத் துவங்கிட்டீங்களோ?"

"ஓம். பல்லு வலிக்கு."

"கராம்பு வச்சுப் பாருங்க. வெத்தில கறை பிடிச்சிரும்" என்று அக்கறையோடு சொல்லிவிட்டு இரண்டு சின்ன மீனைச் சேர்த்துப் போட்டார்.

கியூட்டெக்ஸில்தான் மாட்டிக்கொண்டேன். இடது கைக்கு வலது கை நன்றாகவே பூசியது. வலது கைக்கு இடது கை பூசியபோது, எழுதத் தெரியாதவரைப் பிடித்து வந்து பெருவிரல் அடையாளம் வைக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அழிக்க வழியில்லை. பெட்டியில் ரிமூவர் இல்லை. மண்ணெண்ணெய், தேசிக்காய், சவர்க்காரம் எல்லாம் பார்த்தேன். போகவில்லை.

மட்டக்களப்பு நகரில் ரிமூவர் விற்கும் கடை எதற்குள் போனாலும் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகளோ மருமகளோ நிற்பாள். நான் பஸ் ஏறுமுன் செய்தி கோவிலடிக்குப் போய்விடும். ஆகவே எதிர்ப்பக்கமாக, முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போனேன்.

அங்கே ஒரு ஃபேன்சிக் கடை. கீழே கைப்பைகளும் செருப்புகளும். ஒரு மனிதர் கல்லாவில் இருந்தார். மேல்மாடி பெண்களுக்கு மட்டும். படியின் முடிவில் கனத்த திரை. அதற்குள் அவருடைய மனைவி, நாற்பது தாண்டியவர், கறுப்பு அபாயாவோடு ஒரு ஸ்டூலில் இருந்து பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். பார்த்தார்.

"என்ன மிஸ், நண்டு கடிச்சதா?"

யாருக்கும் நான் படிப்பித்ததில்லை. ஆனால் கண்ணாடி போட்ட, சேலை உடுத்த, வயதான பெண்ணை இந்தப் பக்கத்தில் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் திருத்தவில்லை.

அவர் பஞ்சில் ரிமூவர் நனைத்து, என் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். வேறொருவர் என் கையைப் பிடித்து எவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்தேன். கண் சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு தாதி ஊசி ஏற்ற நரம்பு தேடினார். அது மூன்று வருடத்துக்கு முன்.

"கலர் போட்டு விடவா, மிஸ்? சும்மாதான். புதுச் சரக்கு வந்திரிக்கி. போத்தல்ல ஒரு கலர் தெரியும், நகத்துல வேற கலர் வரும். எனக்குப் போட்டுப் பாக்க ஏலா."

"ஏன்?"

"தொழணுமே. வுழு எடுக்கக்குள்ள தண்ணி நகத்துல படணும். இது பூசினாப் படாது."

வுழு என்பது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது. ஒரு நாளைக்கு ஐந்து முறை. ஐந்து முறை பூசி ஐந்து முறை அழிக்க யாராலும் முடியாது. அவரிடம் வாங்குகிறவர்கள் தொழுகை இல்லாத நாட்களில் பூசுகிறவர்கள், சிறு பிள்ளைகளின் தாய்மார், ஆரையம்பதியில் இருந்து வரும் தமிழ்ப் பெண்கள். எல்லாரும் கேட்பது ஒன்றையே: நகத்தில் எப்படி இருக்கும்? அதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. நான் வந்த பிறகு இருந்தது. பத்து விரலுக்குப் பத்து நிறம் பூசினார்.

"வியாழக்கிழமதான் சரக்கு வரும், மிஸ்" என்றார் நான் எழும்பியபோது.

அடுத்த வியாழக்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும். ஐந்தாறு மாதம் ஒன்றும் தவறவில்லை. கடமையில் இருந்த காலத்தில்கூட எனக்கு இவ்வளவு வரவு கிடையாது. பகல் இரண்டு மணிக்கு நான் போவேன். அந்த நேரம் ஆட்கள் குறைவு. நான் கச்சேரியில் வேலை செய்தவள் என்பது மட்டும் பேச்சோடு பேச்சாக அவருக்குத் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் என் கையைத்தான் பார்ப்பார்கள்.

"மிஸ்ஸிட மோதிர விரல்ல இரிக்கிற கலர் ஒண்டு தாங்க."

"அது மிஸ்ஸிட நிறத்துக்குத்தான் எடுக்கும்கா. உனக்கு அந்தச் சின்ன விரல்."

ஒரு நாள் லண்டன் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் லிப்ஸ்டிக்கின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். உடனே மூடினார். காந்தம் 'டக்' என்றது.

"இது எங்கட மெடத்திட மேசையில இரிந்த சாமான், மிஸ்." குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டு வேலை செய்திருக்கிறார். எஜமானியின் அலங்கார மேசையைத் தினமும் துடைத்துத் துடைத்தே விலையான சாமான் எது, போலி எது என்று படித்துக்கொண்டாராம். "மெடம் படுத்த பொறகு திறந்து மணந்து பாப்பன். பூசினதில்ல. அவ கண்டா விமானத்துல ஏத்தி விட்டிருவா."

அன்று என் கண்ணுக்கு அவரே பூசினார். "கண்ண மூடுங்க, மிஸ். இவ்வளவு இறுக்கி இல்ல. கச்சேரிக் கதவா இது?" மூன்று மடிப்பையும் விட்டுவிட்டு, புருவத்துக்குக் கீழே எலும்பு தொடங்கும் இடத்தில் விரல் நுனியால் இழுத்தார். கண்ணாடியில் பார்த்தேன். அழகாக இருந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பஸ் ஏறுமுன் கண்ணைத் துடைத்துவிட்டேன். நகங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்திரிகையின் பக்கம் புரட்டும்போது, கறிக்கு உப்புப் போடும்போது, அவை வியாழக்கிழமை வரை என்னோடு இருந்தன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருபத்தைந்து நாள் இருக்கும்போது அந்தச் சரக்கு வந்தது. நீர் ஊடுருவும் கியூட்டெக்ஸ் என்றார்கள். பூசிக்கொண்டே வுழு எடுக்கலாமாம். போத்தல்களோடு ஆங்கிலத்தில் நாலு பக்கத் தாளும், ஒரு சான்றிதழின் பிரதியும் இருந்தன. அவர் அவற்றை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார்.

"மிஸ், நீங்க படிச்சவ. இது மெய்யா பொய்யா எண்டு பாத்துச் சொல்லுங்க. பொய் எண்டா நான் ஆக்களுக்கு விக்க மாட்டன். மெய் எண்டா…" சாமான் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு போத்தலை எடுத்துக் காட்டினார். நாவற்பழ நிறம். "இது எனக்கு எடுத்து வச்சிரிக்கன். நாப்பத்திரெண்டு வயசு, மிஸ். ஒரு பெருநாளைக்காவது என்ட கையில பூசிப் பாக்கணும்."

நான் தாளைப் பார்த்தேன். மெய் என்று சொன்னால் அவருக்கு அவருடைய விரல்கள் இருக்கும். என்னுடையவை தேவைப்படாது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வரி வாசிக்கும் நேரம்கூட எடுக்கவில்லை.

"சான்றிதழ்ல கையொப்பம் தெளிவில்ல" என்றேன். "தாளையும் ஒரு போத்தலையும் வீட்ட கொண்டுபோய்ப் பாத்துச் சொல்றன்."

ஒன்றை மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும். தாமதிப்பதற்குக் காரணமே தேவையில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஐயமறக் கற்றது இது.

அன்று மாலையே தாளில் சொன்ன சோதனையைச் செய்தேன். வடிதாளில் மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, ஒரு சொட்டு நீர் விட்டு விரலால் தேய்க்க வேண்டும். லண்டன் கியூட்டெக்ஸ் பூசிய தாளின் அடி உலர்ந்தே இருந்தது. புதியது பூசிய தாளின் அடி கொஞ்ச நேரத்தில் நனைந்தது. மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் நனைந்தது. தடிப்பாகப் பூசினால் மட்டும் நனையவில்லை.

அடுத்த வியாழன், "இன்னும் பாக்கணும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு என் விரல்களைத் துடைத்தார். அதற்கடுத்த வியாழன், "ஒரு விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறன்" என்றேன். நான் யாருக்கும் எழுதவில்லை. அவர் என் கட்டைவிரலுக்குப் பூசிக்கொண்டே, "அவசரமில்ல, மிஸ். பெருநாளைக்கு இன்னும் பதினொரு நாள் இரிக்கே" என்றார். தூரிகையைப் பிடித்திருந்த அவருடைய நகங்களைப் பார்த்தேன். ஒட்ட வெட்டி, வெறுமையாக, சுத்தமாக இருந்தன.

மூன்றாவது வியாழன் வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை போனேன். செய்த சோதனையை இலக்கமிட்டு நாலு பந்தியில் தமிழில் எழுதிக் கொண்டுபோனேன். தண்ணீர் போகிறது, மெல்லிய ஒரு பூச்சு மட்டும் பூச வேண்டும், கழுவும்போது தேய்க்க வேண்டும், இது கூடுமா கூடாதா என்பதை மார்க்கம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

"எத்தின தரம் பாத்தீங்க, மிஸ்?"

"மூணு தரம்."

"அதுக்கா இவ்வளவு நாள்?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். "கவனமாப் பாக்க வேணுமே" என்று வந்தது.

அவர் அதை நம்பினார். கண் கலங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்காக இப்படி ஆரும் மெனக்கெட்டதில்ல." அந்தப் பிடிக்கு நான் தகுதியற்றவள் என்பது எனக்கு மட்டும் தெரியும். கையை இழுத்துக்கொள்ளவுமில்லை.

கணவரை அனுப்பி மௌலவி ஒருவரிடம் கேட்டார்கள். நகத்தில் நீர் படுவது உறுதியென்றால் தடையில்லை என்று பதில் வந்தது. அதோடு கடைக்காரப் பெண்மணி என் நாலு பந்தியையும் பிரதி எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். பெருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை நான் போனபோது படியிலேயே பெண்கள் நின்றார்கள்.

"கச்சேரி மிஸ் ஒராள் மூணு கிழம வச்சுச் சோதிச்சுப் பாத்தவவாம்."

"மூணு கிழமயா? அப்ப சரியாத்தான் இரிக்கும்கா."

நான்தான் அது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒதுங்கி வழிவிட்டார்கள், வயதுக்காக. மேலே, தோள்களுக்கு நடுவே அவர் தெரிந்தார். ஒரு புதுமணப்பெண்ணின் கையில் வேலையாக இருந்தார். என்னைக் கண்டதும் தன் கையை ஆட்களின் தலைக்கு மேலே தூக்கி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். நாவற்பழ நிறம். மெல்லிய ஒரு பூச்சு, ஓரம் தப்பாமல். எப்படி என்று புருவத்தால் கேட்டார்.

"நல்லா இரிக்கு" என்றேன். அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. "இரிங்க மிஸ், ரெண்டு நிமிசம்!" என்றார். பிறகு யாரோ ஒரு போத்தலை நீட்ட, குனிந்துவிட்டார். அரை மணித்தியாலம் நின்றேன். பூசிக்கொண்ட ஒவ்வொருத்தியும் தன் கையையே பார்த்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

கீழே இறங்கி அவர் கணவரிடம், "சனம் குறைஞ்ச நாள் எது?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லா நாளும் இப்படித்தான், மிஸ். அல்ஹம்துலில்லாஹ். எல்லாம் நீங்க பாத்துச் சொன்னதால."

"நல்லது" என்றேன். அதுவும் பொய்யில்லை.

பெருநாளுக்குப் பிந்திய வியாழன் நான் போகவில்லை. அவர் என்னைத் தேடியிருக்கலாம். தேடியிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அத்தனை மாதத்தில் என் தொலைபேசி இலக்கத்தை நான் கொடுக்கவில்லை, அவருடையதைக் கேட்கவில்லை. என் பெயரும் அவருக்குத் தெரியாது. அந்த நாலு பந்திக்குக் கீழே நான் கையொப்பம் இட்டிருக்கவில்லை.