அந்தப் பெயர் வானொலியில் வராத மாதங்கள்

வாசகர்களே, “நடுவர் அவர்களே” என்று தொடங்கியே பழகிய வாய் என்னுடையது. இன்று எனக்கு நடுவர் வேண்டாம். நடந்ததைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளும் சாட்சியாக நீங்கள் இருந்தால் போதும்.

எண்பதுகளின் இறுதி. திருப்பூரில் என் தந்தை கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை. தையல் இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எல்லாருக்கும் பொரி வழங்கிய பிறகு, மாலையில் பட்டிமன்றம் நடத்த முதலாளி ஏற்பாடு செய்திருந்தார். மனத்துக்கு இனிமை தருவது வானொலியா, தொலைக்காட்சியா என்பது தலைப்பு. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளாக வாங்கிக்கொண்டிருந்த என்னைத் தொலைக்காட்சி அணிக்குத் தலைவனாக்கினார்கள்.

உண்மையில் நான் வானொலி வளர்த்த பிள்ளை. பல குடும்பங்கள் குடியிருந்த எங்கள் காம்பவுண்டின் ஓட்டுக் கூரைமேல் ஏறி, ஏரியல் கம்பியை இப்படியும் அப்படியும் திருப்பி, கடலுக்கு அப்பாலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பை இரைச்சலிலிருந்து மீட்டெடுப்பது பள்ளி நாள்களில் என் பொறுப்பு. கம்பெனியிலும் நாள் முழுதும் அதே நிலையம்தான். இயந்திர ஓசையை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியை உத்தரத்திலேயே கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு, அதை விரும்பிக் கேட்டு அஞ்சலட்டை எழுதிய நேயர்களின் பெயர்களை அறிவிப்பாளர் வாசிப்பார். தைத்த பனியன்களைச் சரிபார்த்துப் பிசிறு வெட்டும் செக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஓர் அக்காவின் பெயர் வாரம் தவறாமல் வரும். முதலில் ஊரும் கம்பெனியும், பிறகு அவர் பெயர், கணவர் பெயர். அப்போதெல்லாம் பெண்கள் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள். அந்த அக்கா தென்மாவட்டத்துக்காரர். எங்கள் காம்பவுண்டிலேயே குடியிருந்தார். அவர் பெயர் வந்தால் எங்கள் வீட்டுக்கே பெருமை வந்ததுபோல் நானும் கைதட்டியிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்துதான் மேடை ஏறினேன். எதிரணி நன்றாகப் பேசியது. சபை அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த சபையை நிமிர்த்த எனக்கு ஒரு வழி தெரியும். வாதத்தை விட்டுவிட்டு, கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரைச் சுட்டிச் சிரிக்கவைக்க வேண்டும். நான் அறிவிப்பாளரின் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“நடுவர் அவர்களே, பாட்டு மூன்று நிமிடம். அதை விரும்பிக் கேட்பவர்களின் பட்டியல் ஐந்து நிமிடம். நம் செக்கிங் அக்காவுக்குச் சென்ற மாதம் குழந்தை பிறந்தது. நகராட்சியில் பெயரைப் பதிவதற்கு முன் வானொலியில் பதிந்துவிட்டார். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தக் குழந்தை எதை விரும்பிக் கேட்கிறதாம்? காதல் பாட்டை.”

கூரை அதிரச் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த அக்கா, எல்லாரும் திரும்பிப் பார்த்ததால், தாமும் சிரித்தார். வெற்றி எங்கள் அணிக்கு.

மறுநாள் முதல் அந்த நகைச்சுவை என்னை விட்டுவிட்டு அவரோடு குடிபோனது. அவர் கடந்து போனால் யாராவது அறிவிப்பாளர் குரலில் அவர் குடும்பப் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். “ஏனுங்க்கா, பாப்பாவுக்கு இன்னைக்கு என்ன பாட்டுங்க வேணுமாம்?” என்பார்கள். என் சொல் ஊர் வாயில் உலவுகிறது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். வானொலியில் அவர் பெயர் வருவது நின்றுபோனதை நான் கவனிக்கவே இல்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம், தந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, கம்பெனி வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். தோளில் காதர்பேட்டையில் வாங்கிய பனியன் மூட்டை. பொங்கல் வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்க வந்தவர் என்று நினைத்தேன். அவர் அந்த அக்காவின் பெயரைச் சொல்லி, தாம் அவருடைய தம்பி என்றார்.

“எங்க அக்கா உசுரோட இருக்காளா தம்பி?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நல்லா இருக்காங்களே. ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?”

அவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்.

“அவ விருப்பப்பட்டவரைக் கட்டிட்டு வந்துட்டா. எங்க வீட்டுல அவ பேரை யாரும் சொல்லக் கூடாதுன்னு அப்பா உத்தரவு. கடிதாசி வந்தா கிழிச்சிருவாரு. அம்மா பீடி சுத்தப் போற வீட்டுல ரேடியோ ஓடும். வாரத்துல ஒரு நாள் அதுல அக்கா பேரு வரும். அன்னைக்கு மட்டும் அம்மா நல்லா சாப்பிடுவா. பிள்ளை பொறந்ததே பட்டியல்ல புதுசா ஒரு பேரு சேர்ந்தப்பதான் எங்களுக்குத் தெரியும். அம்மா ஊரெல்லாம் கல்கண்டு குடுத்தா. எதுக்குன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லலை. ஆயுத பூசைக்குப் பிறகு பேரே வரலை. சரக்கு எடுக்கப் போறேன்னு அப்பாகிட்ட பொய் சொல்லிட்டு வந்துருக்கேன்.”

நான் நகைச்சுவை என்று எண்ணி எடுத்து வீசியது, ஒரு தாய்க்குப் பேரப்பிள்ளை பிறந்த செய்தி. அந்தச் செய்தி போகும் ஒரே வழியை அடைத்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

உணவு வேளையில் அக்கா வெளியே வந்தார். தம்பியைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, அழவில்லை. “ஏன்க்கா எழுதலை?” என்று தம்பி கேட்டபோது, நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். என் பெயரை அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எக்ஸ்போர்ட் ஆர்டருடா. ராப்பகலா வேலை. அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லு.”

“நான் போயி ஒரு தடவை சொல்லிருவேன். வாராவாரம் யாரு சொல்லுவா?”

“இனி எழுதலைடா. பேரைச் சொன்னாலே எல்லாரும் சிரிக்காவ. எங்க வீட்டுக்காரரும் வேணாம்னுட்டாரு.”

அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கக் கூடாதென்று அவர் பார்வையைத் தரையிலேயே வைத்திருந்தார். “நான்தானுங்க காரணம்” என்று அந்தத் தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் என்னை அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீகளே” என்று மட்டும் சொன்னார்.

தனியே மன்னிப்புக் கேட்பதால் பயனில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவமானம் சபையில் நிகழ்ந்தது. அன்று மாலைத் தேநீர் வேளையில், இயந்திரங்கள் நின்றிருந்தபோது, செக்கிங் மேசைகளுக்கு நடுவே போய் நின்றேன். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. என்ன நடந்ததென்று தம்பி சொன்னபடியே சொன்னேன். பேசிப் பழகிய ஏற்ற இறக்கம் ஒன்றுகூட வரவில்லை. கட்டிங் மேசையருகே என் தந்தை தலைகுனிந்து நின்றதையும் பார்த்தேன். தேநீர்க் குவளைகள் எல்லார் கையிலும் அப்படியே இருந்தன. நான் முடித்ததும், ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓட்டும் பெண் ஒருவர் கேட்டார்.

“ஏனுங்க, இதுக்கும் நாங்க கைதட்டோணுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தேவையாகவே இருந்தது.

அக்கா சில வாரம் கழித்து வானொலிக்கு மறுபடி எழுதினார். அது அவருடைய பெருந்தன்மையால் நிகழ்ந்தது. என் பேச்சால் அன்று. அதன்பின் நான் பல மேடைகளில் தோற்றிருக்கிறேன். சாய்ந்த சபையை நிமிர்த்தும் அந்த எளிய வழி நாவின் நுனிவரை வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும், தெற்கே ஏதோ ஒரு வீட்டில் பீடி சுற்றும் கைகள் வானொலிக்காக நிற்பது எனக்குத் தெரிகிறது. விழுங்கிவிட்டுத் தோற்று இறங்குகிறேன். ஏனெனில் கைதட்ட வேண்டுமா என்ற அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்று எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டு நான் சொன்ன பதில் இது:

“வேண்டாமுங்க. பதில் பேச மைக் இல்லாத ஒருத்தரைக் காட்டி இனி எந்த மேடையிலயும் நான் கைதட்டு வாங்க மாட்டேனுங்க.”