மனூபியா பார்த்துச் சொன்னது

எங்கள் கெர்கென்னா தீவில் பேய்க்கணவாய் வாங்கி விற்ற பெண் மனூபியா ஒருத்திதான். ஆண்கள் அது புகுந்து ஒளியும் பானைகளைக் கடலில் இறக்கிப் பிடித்து வருவதைத் துறையிலேயே விலை பேசிக் கப்பலேற்றுவாள். எதிர்க்கரையில் ஸ்ஃபாக்ஸ் சந்தையில் விற்றுவிட்டு மாலைக் கப்பலில் திரும்புவாள். அவள் வாய்க்குப் பயந்து அங்கே யாரும் எடையில் கைவைப்பதில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "எட்டுக் கை உள்ளதுங்களச் சமாளிக்கவே பொழுது பத்தல. இதுல ரெண்டு கை உள்ளவன் வேறயா?" என்பாள்.

அவள் தம்பி லுத்ஃபியின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அதனால் அவளுக்கும் அவன் மனைவிக்கும் நடந்த சண்டை முழுவதும் என் காதில் விழுந்தது. லுத்ஃபியின் மனைவி ரபாபுக்கு மூத்தவன் நல்லபடியாகப் பிறந்தான். அடுத்த இரண்டும் வயிற்றிலேயே அடங்கிப்போயின. இரண்டாவதைப் புதைத்த வாரம் மனூபியா, "உன் வயித்துல என்ன உப்பா இருக்கு? எதுவுமே தங்க மாட்டேங்குதே" என்று கேட்டுவிட்டாள். ரபாப் அழவில்லை. "இனி என் வாசல மிதிக்காதீங்க மதினி" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது.

ரபாப் மறுபடி கர்ப்பமானாள். இந்த முறை ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிஹாம் ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து, குழந்தையின் தலைக்குள் ஓடும் ஒரு ரத்தக்குழாயையே வெகுநேரம் பார்த்தார். ரத்தம் ஓடும் வேகத்தைக்கூட அந்தக் கருவி சொல்லுமாம். இங்கே அளவுக்கு மீறி வேகமாக ஓடியது.

"ரத்தம் நீர்த்துப்போனா இப்படித்தான் ஓடும். உங்க ரத்தம் நெகட்டிவ், பிள்ளையோடது பாசிட்டிவ். உங்க உடம்பு அத எதிரின்னு நெனச்சு அழிக்குது. முந்தின ரெண்டுக்கும் இதுதான் நடந்திருக்கணும். வயித்துக்குள்ள இருக்கும்போதே பிள்ளைக்கு ரத்தம் ஏத்திடலாம்."

ஏற்ற வேண்டியது ஓ நெகட்டிவ் ரத்தம். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் பொருத்தமானது இல்லை. அக்காவின் பித்தப்பை ஆபரேஷனுக்கு அதே வகை ரத்தம் தேடி அலைந்தது லுத்ஃபிக்கு நினைவு வந்தது. கப்பலில் தீவுக்குத் திரும்பி, அவள் நின்றிருந்த துறைக்கு ஓடினான்.

விஷயத்தைக் கேட்ட மனூபியா, "அவ அனுப்பினாளா, நீயா வந்தியா?" என்றாள்.

"அவதான் போகச் சொன்னா."

கையிலிருந்த கணவாயைக் கூடையில் எறிந்தாள். கடல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, கட்டியிருந்த சாக்குத் துணியோடு அப்படியே கப்பலேறிவிட்டாள்.

எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பக்குவம் செய்து, மறுநாள் ரபாபை உள்ளே கொண்டுபோனார்கள். ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் லுத்ஃபி சுவரோரமாகச் சரிந்தான். நர்ஸ் அவனைப் பிடித்து வெளியே உட்கார வைத்தாள்.

"புயல்ல படகு ஓட்டுறவனாம்!" என்றாள் மனூபியா.

கட்டிலிலிருந்து ரபாபின் குரல் வந்தது. "மதினி, நீங்க வாங்க."

அறையில் திரையின் வெளிச்சம் மட்டுமே இருந்தது. ரபாப் கண்ணை இறுக மூடியிருந்தாள். "போன தடவ இப்படி ஒரு திரையிலதான் அது அசையாமக் கெடந்தத பாத்தேன். என்னால முடியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மனூபியா நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு நெற்றி, ஒரு மூக்கு. வாயருகே ஒரு சின்னக் கை.

"விரல் சப்புதுடி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "உன் புருஷன் மூக்கு. பாவம்."

ஒரு வெள்ளைக் கோடு திரைக்குள் இறங்கியது. அதுதான் ஊசி. தொப்புள்கொடி நஞ்சுக்கொடியோடு சேரும் இடத்தில், நூல் பருமனே இருந்த ரத்தநாளத்தில் அதன் முனை போய் நின்றது. சற்று நேரத்தில் அந்தச் சின்னக் கை அப்படியே நின்றுவிட்டது.

"சொல்லுங்க மதினி. ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

மனூபியா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலை திருப்பாமலே சொன்னார்: "ஆடாம இருக்க மருந்து குடுத்திருக்கேன். நெஞ்சப் பாருங்க."

நெஞ்சுக்குள் ஒரு பொட்டு துடித்துக்கொண்டிருந்தது. "இருக்கு ரபாப். படபடன்னு அடிக்குது. இருக்கு."

பிறகு ரத்தம் உள்ளே போனது. இருட்டில் வலை இழுக்கும்போது எங்கள் கடல் சில நாள் மினுங்குமே, அதுபோல் நூறு நூறு வெள்ளைப் பொறிகள் அந்த நாளத்துக்குள் சுழன்று பாய்ந்தன. தன் கையிலிருந்து எடுத்தது, இன்னும் பிறக்காத ஒன்றின் நெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். "சுப்ஹானல்லாஹ்" என்றாள். மதினியின் கண்ணீர் தன் கைமேல் விழுந்துகொண்டிருந்ததாக ரபாப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

திரும்பும் கப்பலில் மனூபியா வாயே திறக்கவில்லை. காய்ச்சலா என்று கப்பல்காரர்கள் விசாரித்தார்களாம்.

இன்னும் மூன்று முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு வேறு ஆட்கள் கொடுத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வியாபாரத்தை விட்டுவிட்டு மனூபியா வந்தாள். "ஓரமா நின்னுக்கறேன், டாக்டரம்மா. வாயே திறக்க மாட்டேன்" என்று கெஞ்சினாள். டாக்டர் விட்டார். மூன்றாம் முறை ரபாபும் கண் திறந்து பார்த்தாள்.

பெண் பிறந்தது. கொஞ்சம் முன்கூட்டியே, மஞ்சள் பூத்து, ஆனால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும் குரலோடு. நீல விளக்கின் கீழ் சில நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். பார்க்கப் போனபோது நானும் குனிந்து, "அப்பன் மூக்கு" என்றேன்.

"அத நான் எப்பவோ சொல்லியாச்சு" என்றாள் மனூபியா. "பெத்தவளுக்கு முந்தி பாத்தவ நான்."

ரபாப் சிரித்தபடி குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.