மாவு திரும்பிப் பார்த்தது

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறேன். வெள்ளைத் தூசி பனிபோல் மிதந்த ஒரு மத்தியானம், மாவு என்ற எங்கள் பட்டறை நாயை ஒரு வேன் இடித்துவிட்டது. பின்னங்கால்கள் துவண்டுவிட்டன. பின்னங்கால் விரலைக் கிள்ளினேன், காலை இழுத்துக்கொண்டது.

“உணர்ச்சி இருக்குது, தானா நடந்துடும்” என்றேன். கூட வேலை செய்யும் செல்வி ஒப்பவில்லை. பலகையில் கிடத்திக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிள்ளியபோது காலை இழுத்துக்கொண்டதை அங்கே சொன்னேன்.

“காலை இழுக்க முதுகுத்தண்டே போதுங்க, மூளை வேணாம். வலி மூளைக்குப் போகுதான்னுதான் பாக்கணும்” என்று டாக்டரம்மா விரலை அழுத்தினார். மாவு வெடுக்கென்று திரும்பி அவரைக் கடிக்க வந்தது.

அவர் சிரித்தார். “வலி மூளைக்குப் போகுது, நரம்பு அறுந்துபோகலைங்க. பொழைச்சிக்கும்.”

மருந்தும் ஓய்வுமாய் வாரங்கள் போயின. ஒருநாள் தூக்கத்திலேயே மாவின் பின்னங்கால்கள் ஓடத் தொடங்கின. கனவில் எதைத் துரத்தியதோ! பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு மெல்ல எழுந்து நடந்தது.

இப்போதெல்லாம் அடிபட்ட பிராணிக்கு நானாக வைத்தியம் சொல்வதில்லை; உடனே டாக்டரிடம் ஓடுகிறேன்.