வாஜித் பாய் வாங்கிக் கொடுத்த டீ

அந்த வருஷம் பெரிய வெள்ளி, ரம்ஜான் நோன்புக்குள்ளேயே வந்துவிட்டது. தி. நகர் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் பாத்திரக் கடையில் அன்றைக்குப் பார்த்து வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கப் பித்தளைக் கிண்ணங்கள் நிறையச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் துடைத்து, காகிதம் சுற்றி, பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டாம் மாடிக்குப் பொறுப்பாக இருந்த மர்சலின் காலையிலிருந்து அந்தக் குவியல் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருசந்தி நாள் என்பதால் கொஞ்சம் கஞ்சி குடித்ததோடு சரி. கை கிண்ணத்தில் இருந்தாலும் கண் கடிகாரத்தில் இருந்தது.

விளக்குப் பிரிவில் விற்பனை பார்க்கும் வாஜித் பாய் வந்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்துக்கொண்டார்.

"மூணு மணிக்கு உங்க கோயில்ல பூசை இருக்கும் இல்ல சிஸ்டர்?"

"இன்னிக்குப் பூசை கிடையாது பாய். சிலுவை முத்தி செய்யறதுதான். அதுக்கு எங்க போறது, இதைப் பாருங்க."

"நீங்க போங்க. இது எங்கயும் ஓடிடாது."

"நீங்க நோன்பு பாய். தண்ணிகூடக் குடிக்கல."

"துணியில துடைக்கிறதுக்குத் தண்ணி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தை எடுத்தார்.

மர்சலின் லஸ் பிரகாச மாதா கோயிலுக்குப் போய் ஆண்டவரின் பாதத்தை முத்தமிட்டு, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் எல்லாப் பெட்டிகளும் அடுக்கி, கயிறு கட்டி இருந்தன. அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்துவிட்டு, கடை சாத்தும் வரை பாய் அதை முடித்தார் என்பதைப் பாக்கிங் பார்க்கும் லாய்ட் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். பாய் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர் எதைப் பற்றியும் அவ்வளவாக வாய் திறக்காதவர். வீடு தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள். பிள்ளைகள் இல்லை. மனைவி சகினாவுக்கு உடம்பு சரியில்லை என்பது கடையில் எல்லாருக்கும் தெரியும். என்ன உடம்பு என்று யாரும் கேட்டதில்லை, மர்சலினும் கேட்டதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அவர் தாமதமாக வருவார். அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் வேலை பார்த்துச் சரிக்கட்டிவிடுவார்.

அவரைப் பற்றிக் கடையில் ஒரு சிரிப்புப் பேச்சு உண்டு. வருஷா வருஷம் மே மாதம் முதலாளி எல்லாருக்கும் சம்பளம் ஏற்றுவார். மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்கப் போவார்கள். பாய் மட்டும், எனக்கு ரொம்ப ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவார்.

"இன்னா பாய், துட்டு கடிக்குதா?" என்பான் லாய்ட்.

"ஆமா நைனா. ராத்திரியில தூங்கவே வுட மாட்டேங்குது."

இன்னொரு வழக்கமும் அந்தக் கடையில் இருந்தது. சம்பளம் இருபத்தோராயிரத்தைத் தாண்டினால், குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கிற ஈ.எஸ்.ஐ.க்கான பிடித்தம் நின்றுவிடும். பிடித்தம் விட்டவர் கடை முழுக்க டீயும் சமோசாவும் வாங்கித் தர வேண்டும். அதை ஒரு பதவி உயர்வு போலத்தான் எல்லாரும் நினைத்தார்கள். மர்சலினுக்குப் பிடித்தம் விட்டபோது அவளும் வாங்கிக் கொடுத்தாள், மாதாவுக்கு ஒரு மெழுகுதிரியும் ஏற்றினாள். அவள் தனி ஆள். காய்ச்சல் தலைவலி என்றுகூட மருந்தகத்துப் படி ஏறியவள் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் குறைகிற ஒரு தொகை, அவ்வளவுதான் அவளுக்கு ஈ.எஸ்.ஐ. சில வருஷங்களுக்கு முன் பிடிக்கிற விகிதத்தைக் குறைத்தபோது, மிச்சமான காசில் பூ வாங்கலாம் என்று பெண்கள் சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறது. பாய் மட்டும் ஒவ்வொரு பிப்ரவரியிலும் செய்தித்தாளைப் பிரித்து, "இருபத்தோராயிரத்தை இந்த வருஷமாவது முப்பதாக்குவாங்களா?" என்று யாரையோ கேட்பதுபோலக் கேட்பார். மறு வருஷமும் அதே இருபத்தோராயிரமாகத்தான் இருக்கும்.

பெரிய வெள்ளிக்கு அடுத்த வாரம் மர்சலின் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"வாஜித் பாய்க்கு இந்தத் தடவை நல்லா ஏத்திப் போடுங்க சார். அவர் தனக்குன்னு கேக்க மாட்டார். மே வரைக்கும்கூட வேணாம் சார், ஏப்ரல்லேர்ந்தே போடுங்க. அவங்க பண்டிகை வருது."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து வருஷத்தில் அவள் யாருக்காகவும் இப்படி வந்து நின்றதில்லை. "சரிம்மா" என்றார்.

அன்று பேருந்தில் போகும்போது அவள் மனம் ஜெபமாலை சொன்ன பிறகு இருப்பதுபோல் நிறைவாக இருந்தது.

ரம்ஜான் முடிந்து, ஏப்ரல் சம்பளம் வந்த அன்றைக்குப் பாயின் சீட்டை முதலில் பார்த்தவன் லாய்ட். "பாய்க்குப் பிடித்தம் வுட்டுடுச்சு. டீ எங்க, சமோசா எங்க?" என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டான். பாய் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். டீக்கடைக்காரர் தூக்கோடு வந்தார். பாயே ஒவ்வொருவருக்காகச் சமோசா எடுத்துக் கொடுத்தார். மர்சலினிடம் வந்தபோது, "எடுத்துக்கோங்க சிஸ்டர், சூடா கீது" என்றார். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டாள். அவர் தனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை என்பதை அப்போது கவனித்தாள். கவனித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் மர்சலின் ஒரு பில்லைக் கொடுக்கக் கணக்கு அறைக்குப் போனபோது பாய் அங்கே நின்றிருந்தார். கணக்குப் பார்க்கும் ராமானுஜம் மயிலாப்பூர்க்காரர், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சகினாவுக்கு டயாலிசிஸ் ஓடிண்டிருக்குன்னு எனக்கு எப்படி ஓய் தெரியும்? முதலாளி போடுன்னார், போட்டேன்."

"உங்க மேல தப்பு இல்ல சார். இதைப் பழையபடி ஆக்க முடியுமான்னுதான்."

"ஏப்ரல் கணக்கை அனுப்பியாச்சே. மே மாசம் ஏத்தியிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லை. ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு ஆறு மாசம். அது ஆரம்பிக்கறச்சே இருபத்தோராயிரத்துக்குள்ள இருந்துட்டா, நடுவுல ஏறினாலும் செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் உண்டு, வைத்தியமும் அடுத்த ஜூன் வரைக்கும் ஓடும். ஏப்ரல் ஒண்ணாம் தேதியே ஏறிடுத்துன்னா அன்னிக்கே வெளியில. டிசம்பரோட வைத்தியம் சரி. யார் உமக்கு ஒரு மாசம் முன்னாடி ஏத்தச் சொன்னா?"

பாய் மேஜை மேலிருந்த சம்பளச் சீட்டை எடுத்து மடித்தார். வாசலில் நின்ற மர்சலினை அவர் பார்க்கவே இல்லை. சொன்னது அவள்தான் என்று அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்க்காமையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கே அவள் மறுபடியும் முதலாளி முன்னால் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் முகம் சிவந்துவிட்டது.

"அன்னிக்கு ஏத்துங்கன்னு வந்தே. இன்னிக்கு இறக்குங்கன்னு வர்றே. என் கடை என்ன ராட்டினமாம்மா? கொடுத்த சம்பளத்தைப் பிடுங்கினான்னு நாலு பேர் பேசினா யார் பதில் சொல்றது? வைத்தியத்துக்கு வேணும்னா கடன் வாங்கிக்கச் சொல்லு."

வாரத்துக்கு இரண்டு தடவை, ஆயுசு முழுக்க நடக்கும் வைத்தியத்துக்கு எத்தனை கடன் வாங்குவது என்று நினைத்துக்கொண்டே அவள் மாடி ஏறினாள்.

பிறகு நாட்கள் ஓடின. பாய் எப்போதும்போல விளக்குகளைத் துடைத்தார், எப்போதும்போல அவளுக்கு வணக்கம் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவள் அழுதுவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வருவாள். யாராவது வாடிக்கையாளர் வருவார், லாய்ட் வருவான், சாப்பாட்டு நேரம் வரும். யாரும் வராத நாளில் அவளே ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னாள். "நல்ல எண்ணத்தோடு செய்தது பாவமில்லை மகளே" என்றார் அவர். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. அவளைக் குத்திக்கொண்டிருந்தது வேறு. பக்கத்திலேயே பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். வாரத்தில் இரண்டு நாள் ஏன் பாய் லேட்டு என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவளுடைய கோயில் நேரம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் கடைசியில் பாய் வேலையை விட்டார். பாலவாக்கத்தில் ஒரு சின்ன மின்சாமான் கடையில் இடம் கிடைத்திருந்தது. சம்பளம் பதினெட்டாயிரம். பிடித்தம் உண்டு. செப்டம்பருக்குள் பிடித்தம் கட்டிய நாட்கள் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டால் டிசம்பருக்குப் பிறகும் சகினாவின் வைத்தியம் அறுந்து போகாமல் தொடரும் என்று ராமானுஜம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் தேனாம்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். கடையில் யாரும் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கவில்லை. குறைந்த சம்பளத்துக்குப் போகிறவருக்கு என்ன செய்வது என்று அங்கே ஒரு வழக்கமும் இல்லை.

தேனாம்பேட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவரையும் சகினாவையும் பார்த்துவர வேண்டும் என்று மர்சலின் இன்னும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பூசை முடிந்து வெளியே வந்து தேனாம்பேட்டைப் பக்கம் போகும் பேருந்துக்கு நிற்பாள். பேருந்து வரும், போகும். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தோன்றும். வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

கடைசியாக அவரைப் பார்த்தது அந்த ஜூன் மாத மாலையில், பனகல் பூங்கா பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவருடைய சாப்பாட்டு டப்பாவும் பழைய துடைக்கிற துணியும் இருந்தன. அவள் வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"பாய், நான்தான் போய்ச் சொன்னேன். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு..."

"தெரியும் சிஸ்டர். மொதலாளி அன்னிக்கே சொல்லிட்டார்."

"என்னை மன்னிச்சுடுங்க பாய்."

"அட, இன்னா சிஸ்டர் இது. நான்தான் வூட்டு சமாச்சாரம் எதையும் சொல்லாம இருந்துட்டேன். சொல்லிருந்தா நீங்க போய்க் கேட்டிருப்பீங்களா?"

பேருந்து வந்துவிட்டது. கூட்டம் தள்ளியது. அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு கொஞ்சம் இருந்தது.

"உங்க மாதாகிட்ட எனக்கோசரம் ஒண்ணு வேண்டிக்கோங்க சிஸ்டர். வர ஏப்ரல்ல அந்தக் கடையில யாரும் எனக்குச் சம்பளம் ஏத்திடக் கூடாது."